உழைப்பின் பாட்டும் உரிமையின் பாட்டும்

கூட்டுறவுத் திங்களிதழில் நூல் விலை, உர விலை, கடன் தவணை, இலாப ஈவு ஆகியவற்றைப் பற்றி எழுதுவது முறை. பாட்டுக்கு இங்கே என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. தறியில் அமர்ந்தோர்க்கும் வயலில் இறங்கினோர்க்கும் பாட்டு ஒருநாளும் வேலைக்குப் புறம்பான பொருளாக இருந்ததில்லை என்பதே நம் விடை. வேலை பாட்டைப் பெற்றது. பாட்டு வேலையைத் தாங்கிற்று. அவ்வாறு தாங்கிய பாட்டே, உழைப்புக்குரிய கூலி மறுக்கப்பட்ட நாளில் நியாயம் கேட்டு வீதிக்கும் வந்தது. ஆகவே அன்றாடப் பாட்டு வேறு, போராட்டப் பாட்டு வேறு என்று பிரித்து வைப்பது பொருந்தாது. நம் பாட்டுக்களை நாம் ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொள்ள நம் சங்கங்களே இடந்தர வேண்டும் என்பது எம் கருத்து.

முதலில் அன்றாடப் பாட்டை எண்ணிப் பார்ப்போம். ஏற்றம் இறைத்த காலத்தில் மேலே மரத்தின்மீது நடந்தவரும், கீழே சாலைப் பிடித்துக் கவிழ்த்தவரும் ஒரே கணக்கில் இயங்க வேண்டியிருந்தது. ஒருவர் அடி பிசகினால் மற்றவர் உயிருக்கே கேடு. அந்தக் கணக்கைப் பாட்டே காத்தது. பிள்ளையாரை வணங்கித் தொடங்கிச் சாலுக்கு ஒரு அடியாக எண்ணிக்கொண்டே செல்லும் அப்பாட்டு, இறைத்த நீரின் அளவையும் கூறிற்று. ஏற்றக்காரர் ஒருவர் ஓரடி பாடி நிறுத்திவிட்டுப் போக, அடுத்த அடி என்னவோ என்று கம்பரே காத்துக் கிடந்தார் என்பது தமிழ்நாட்டார் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. கதை நடந்ததோ இல்லையோ, கவிச்சக்கரவர்த்தியையும் காக்க வைக்கும் தகுதி உழைப்பாளியின் பாட்டுக்கு உண்டு என்று நம் முன்னோர் நம்பினர் என்பதற்கு அது சான்று.

நடவுப் பாட்டும் அத்தகையதே. முன்பாட்டுக்காரி ஓரடி எடுத்துக் கொடுப்பாள்; ஏனையோர் ஏற்றுப் பாடுவர்; வரிசை முழுதும் ஒரே சீராகப் பின்னோக்கி நகரும். வேலையின் வேகம் அவள் குரலில் இருந்தது. வேறொன்றும் அதில் இருந்தது. களத்தில் கூலி நெல் அளக்கும் மரக்கால் சிறுத்துப் போனதை நேராகச் சொன்னால் மறுநாள் வேலை இராது. அதையே பாட்டில் வைத்துச் சொன்னால் வரப்பில் நிற்கும் பண்ணைக்காரரும் சிரித்துக்கொண்டு கேட்டாக வேண்டும். பேச்சுக்கு இல்லாத உரிமை பாட்டுக்கு இருந்தது. நியாயம் கேட்கும் குரல் எங்கோ மேடையில் பிறந்ததன்று. முழங்காலளவு சேற்றில் நின்ற பெண்களிடமிருந்தே அது எழுந்தது.

நெசவாளர்க்கு இதில் பங்கில்லையோ எனில், நிறைய உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் காசியில் வாழ்ந்த கபீர் ஒரு நெசவாளர். பாவும் ஊடையும் தறியும் அவர் பாடல்களில் மெய்ப்பொருளைச் சொல்லும் சொற்களாயின. பிறப்பினால் உயர்வு தாழ்வு பேசியோரை அவர் கடிந்தார். அவர் பாடல்கள் பலவற்றைச் சீக்கியர் தம் திருமறையில் ஏற்றுப் போற்றுகின்றனர். குலத்தைச் சொல்லிக் குனியவைக்கப் பார்த்தவர்களுக்கு அவர் தம் தொழிலின் மொழியிலேயே விடை தந்தார்.

இனி, நெசவாளர் வரலாற்றில் 1844-ஆம் ஆண்டைக் குறித்துச் சொல்ல வேண்டும். அன்று பிரஷ்ய ஆட்சியில் இருந்ததும், இன்று பெரும்பகுதி போலந்து நாட்டில் அடங்கியதுமான சைலீசியாவில், கைத்தறியாளர்கள் வீட்டில் நெய்த துணியைப் பெருவணிகர்களிடம் கொடுத்துக் கூலி பெற்று வந்தனர். இயந்திரத் துணியின் போட்டியைக் காட்டிக் கூலி மேலும் மேலும் குறைக்கப்பட்டது. அப்போது அவர்களிடையே ஒரு பாட்டுப் பிறந்தது. இயற்றியவர் யாரென்று வரலாறு அறியாது. பழைய நாட்டுப்பாடல் மெட்டு ஒன்றில், வணிகர்களின் பெயர்களைச் சொல்லியே அவர்தம் கொடுமைகளை அது அடுக்கிற்று. ஜூன் மாதத் தொடக்கத்தில் பீட்டர்ஸ்வால்டவ் என்னும் ஊரில் நெசவாளர்கள் அதனைப் பாடிக்கொண்டு ஒரு வணிகரின் மாளிகை வழியே சென்றனர். அவர்களில் ஒருவர் பிடிக்கப்பட்டார். மறுநாள் பெருங்கூட்டம் திரண்டது, மாளிகை சூறையாடப்பட்டது. அடுத்த நாள் லாங்கன்பீலவில் படையினர் சுட்டதில் 11 பேர் மாண்டனர். கவிஞர் ஹைனே அந்நெசவாளரைப் பற்றி எழுதிய பாடலைப் பிரஷ்ய அரசு தடை செய்தது.

அதே 1844-ஆம் ஆண்டு, டிசம்பர் 21-ஆம் நாள், இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் நெசவு நகரில், 28 உழைப்பாளிகள் 28 பவுன் முதலிட்டு ஒரு சிறு பண்டகசாலையைத் திறந்தனர். அவர்களுள் நெசவாளரும் பலர். அவ்வூர்க் கம்பளி நெசவாளரின் கூலிப் போராட்டமும் அவ்வாண்டில் தோற்றிருந்தது. வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவத்தி ஆகிய சில சரக்குகளோடு தொடங்கிய அக்கடையே உலகக் கூட்டுறவு இயக்கத்துக்கு வழிகாட்டியாயிற்று என்பதை அங்கத்தினர் அறிவர்.

ஒரே ஆண்டு, ஒரே தொழில், பசியும் ஒன்றே. ஓரிடத்தில் அது பாட்டாயிற்று; மற்றோரிடத்தில் கணக்கேடாயிற்று. பாட்டு மட்டும் இருந்த இடத்தில் நெசவாளர் தோற்றனர் என்பதை நாம் மறைக்கவில்லை. கணக்கேடு இல்லாத பாட்டு ஆறுதலோடு நின்றுவிடும். ஆனால் பாட்டில்லாத கணக்கேட்டின் நிலையையும் நாம் காண்கின்றோம். பொதுச்சபைக் கூட்டத்தில் கையெழுத்திட்டுவிட்டுக் கடைசி வரிசையிலிருந்து நழுவிப் போகும் அங்கத்தினர் எத்தனை பேர்! சங்கம் தம்முடையது என்ற உணர்வு ரசீதினால் மட்டும் வருவதன்று. ஒன்றாகக் குரலெடுத்தவர்கள் ஒன்றாக நிற்பதும் எளிது.

நம் நாட்டு வரலாற்றிலும் இது தெளிவு. 1930 ஏப்ரல் 13-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்கு இராஜாஜி தலைமையில் உப்பு அறப்போர்ப் படை புறப்பட்டது. நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை அதற்கென இயற்றிய நடைப்பாட்டைப் பாடிக்கொண்டே தொண்டர்கள் தஞ்சைத் தரணியைக் கடந்தனர். அவர்களுக்கு உணவும் இடமும் தருவோர்க்குத் தண்டனை உண்டென்று அரசு அச்சுறுத்தியிருந்த வேளை அது. பாட்டு கேட்ட ஊர்களில் உணவு கிடைத்தது. அதற்கு ஈராண்டு முன்னர், 1928-இல், பாரதியாரின் நாட்டுப்பற்றுப் பாடல் நூல்கள் பறிமுதல் செய்யப்பட்டன. கடையிலிருந்த நூலை அதிகாரிகளால் எடுத்துச் செல்ல முடிந்தது. மக்கள் வாயிலிருந்த பாட்டை எடுத்துச் செல்ல முடியவில்லை.

வேதாரண்யப் படை புறப்பட்ட அந்நாளிலேயே, அதே தஞ்சை மாவட்டத்தில், பட்டுக்கோட்டையை அடுத்த செங்கப்படுத்தான்காட்டில் ஓர் உழவர் வீட்டில் பிறந்தவர் கல்யாணசுந்தரம். மாடு மேய்த்தல், மாம்பழம் விற்றல், உப்பள வேலை எனப் பல தொழில் செய்தவர். உழவர் இயக்கத்தில் உழைத்தவர். 1959 அக்டோபரில் 29 வயதிலேயே மறைந்தார். திரைப்படத்துக்கு எழுதிய சில ஆண்டுகளுக்குள் அவர் செய்த அரும்பணி யாது? வயலில் கேட்ட மெட்டையும் வினாவிடை முறையையும் எடுத்து, அதில் நியாயத்தை வைத்துத் திரும்பவும் வயலுக்கே அனுப்பினார். 1958-இல் வெளிவந்த ‘நாடோடி மன்னன்’ படத்தில் ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடும் அவருடைய உழவுப் பாட்டை நாம் மிக விரும்புகின்றோம். நிலத்தைப் பண்படுத்தி விளைவித்தவர்க்கு மிஞ்சியது என்ன என்று அது கேட்கிறது. கேட்கும் குரலில் சினத்தைவிட உறவே மிகுதி. பக்கத்து வரிசையில் நாற்று நடுபவர் கேட்பதுபோல் இருப்பதனாலேயே அது நெஞ்சில் தங்குகிறது.

பகிர்ந்துகொள்வதால் பாட்டு வளரும் என்பதற்கு அமெரிக்க நாட்டிலிருந்து ஒரு சான்று. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் 1945-இலும் 1946-இலும் சுருட்டுத் தொழிற்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுள் கறுப்பினப் பெண்கள் பலர். மாதாகோயிலில் பழகிய பாட்டொன்றை மறியல் வரிசையில் அவர்கள் பாடினர். ‘நான்’ என்றிருந்த இடத்தில் ‘நாம்’ என்று மாற்றினர். பின்னர் டென்னஸ்ஸி மாநிலத்தில் தொழிலாளர்க்குப் பயிற்சி தந்த ஹைலண்டர் பள்ளிக்கு அப்பாட்டைக் கொண்டு சென்றனர். அங்கே இசைப்பணி ஆற்றிய சில்ஃபியா ஹார்ட்டன் அம்மையார் அதனைக் கற்றுப் பிறர்க்குக் கற்பித்தார். 1960-க்குப் பின் நிறவெறியை எதிர்த்த மாணவர் படை முழுவதும் அதைப் பாடிற்று. ‘வீ ஷல் ஓவர்கம்’ என்று உலகம் அறிந்த பாட்டு அதுவே. இடையே பதிப்புரிமைக்குள் அகப்பட்டிருந்த அது, வழக்குத் தொடரப்பட்டதன் பின் 2018-இல் பொதுச் சொத்தாக விடுவிக்கப்பட்டது. நம் நாடு இவ்வகையில் முந்திக்கொண்டது. 1949-லேயே சென்னை மாகாண அரசு பாரதியாரின் படைப்புரிமையைப் பெற்றது. அவை பின்னர் மக்கள் உடைமையாயின.

எல்லாப் பாட்டும் கைப்பேசியிலேயே கிடைக்கின்றனவே, இனி நாம் பாடுவானேன் என்று இளைஞர் கேட்பர். கேட்பது வேறு, பாடுவது வேறு. பிறர் சமைத்ததை உண்பதால் அடுப்பு மூட்டக் கற்றுக்கொள்ள முடியாது. ஏற்றத்தின் இடத்தில் மின்விசைப் பம்பு வந்துவிட்டது. நடவு இயந்திரமும் பல வயல்களில் இறங்கிவிட்டது. இவை உழைப்பின் சுமையைக் குறைப்பதால் வரவேற்கத் தக்கவையே. முதுகொடியும் வேலை பாட்டுக்காகத் திரும்பிவர வேண்டும் என்று நாம் கூறமாட்டோம். வேலை போனாலும் பாட்டு போகவேண்டுவதில்லை என்பதே நம் வாதம். வேலையோடு பிறந்த பாட்டு வேறு இடந்தேட வேண்டிய காலம் இது. அவ்விடத்தைச் சங்கம் தரலாகாதா?

பழம்பாட்டு அனைத்தும் நல்லதென்றும் நாம் சொல்லவில்லை. பண்ணையாரைத் தெய்வமாக்கிப் புகழும் பாட்டுக்களும், ஒரு குலத்தாரை இழித்தும் பெண்ணைப் பழித்தும் வரும் அடிகளும் உண்டு. நெல்லைப் புடைப்பதுபோல் அவற்றைப் புடைத்தெடுக்க வேண்டும். மற்றொரு குறையும் உண்டு; அதில் பழி நம்மைப் போன்று எழுதுவோரைச் சாரும். நடவுப் பாட்டு பாடியோரில் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண்கள். பாட்டைக் கேட்டு ஏட்டில் எழுதியோரின் பெயர் நூல் முகப்பில் நிற்கிறது. பாடியவள் பெயர் பல நூல்களில் உள்ளேகூட இல்லை. விளைவித்தவர்க்குப் பங்கில்லை என்று பாடியவளுக்கே அவள் பாட்டிலும் பங்கில்லாமற் போயிற்று. கூட்டுறவு என்னும் சொல்லுக்கு மதிப்புத் தரும் நாம் இப்பிழையைத் தொடர்தல் தகாது.

ஆதலின் சங்கங்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் இது. ஒவ்வொரு சங்கமும் வரவு செலவு ஏட்டோடு ஒரு பாட்டேடும் வைத்திருக்கட்டும். பாட்டு, பாடியவர் பெயர், ஊர், எவ்வேலையின்போது பாடுவது, யாரிடம் கற்றது என ஐந்து பத்திகள் போதும். அவரது இசைவு பெற்றே எழுதுதல் வேண்டும். இளைஞர் கைப்பேசியில் குரலைப் பதிவு செய்து சங்கத்தில் சேர்க்கலாம். திங்கட்கூட்டத்தில் தீர்மானங்களுக்கு முன் கால்மணி நேரம் ஒதுக்கி, உழவர் ஒருவர் நெசவாளர்க்கும், நெசவாளர் ஒருவர் உழவர்க்கும் தமக்குப் பிடித்த பாட்டொன்றைக் கற்பிக்கட்டும். தாலாட்டாயினும் சரி, தெம்மாங்காயினும் சரி, உரிமைப் பாட்டாயினும் சரி. பரிசுப்போட்டி வேண்டா; போட்டி வந்தால் நல்ல குரலுடையார் நால்வர் பாடுவர், நானூறு பேர் கேட்டிருப்பர். எல்லோரும் பாட வேண்டும் என்பதன்றோ நம் நோக்கம்?

இதற்குச் செலவு ஒரு குறிப்பேடும் ஒரு பேனாவும். தாமதத்துக்கோ விலை பெரிது. ஏற்றப்பாட்டை முழுமையாக அறிந்தோர் இன்று முதியோரே. அவர்களோடு அதுவும் போய்விடும்.

நெல்லைப் பகிர்ந்தால் குதிரில் குறையும். நூலைப் பகிர்ந்தால் கட்டில் குறையும். பாட்டோ கொடுத்தவரிடமும் நிற்கும், பெற்றவரிடமும் நிற்கும். இத்தகைய முதலைச் சேர்க்காத சங்கம் கணக்கறிந்த சங்கம் ஆகாது. அடுத்த கூட்டத்திலேயே, அங்கத்தினருள் மூத்த அம்மையார் ஒருவரை முன்வரிசையில் அமர்த்தி, அவர் பெயரை ஏட்டின் முதற்பக்கத்தில் எழுதி இப்பணியைத் தொடங்குமாறு சங்கங்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.