உழைப்பாளியின் சேமிப்பைச் சூறையாடும் கூட்டம்

பூண்டி ஏரியின் மதகுகளைத் திறந்தால் கொசஸ்தலை ஆற்று வெள்ளம் சடையங்குப்பத்தைச் சூழ்கிறது. அதற்காவது முன்னறிவிப்பு உண்டு. மணலி, திருவொற்றியூர், எண்ணூர் வட்டாரத்துப் பாட்டாளி மக்களின் வாழ்வைச் சூழும் மற்றொரு ஆபத்துக்கு அறிவிப்பே கிடையாது. அது சிரித்த முகத்தோடு, “அண்ணே”, “அக்கா” என்று உறவு சொல்லிக்கொண்டு வாசலுக்கே வருகிறது.

ஆருத்ரா கோல்டு டிரேடிங் கம்பெனியின் கதையை எவரும் மறந்திருக்க முடியாது. மாதத்திற்கு 100-க்கு 25 ரூபாய், 30 ரூபாய் வட்டி என்றார்கள். சுமார் 1 லட்சத்து 9 ஆயிரம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலித்தார்கள் என்பது போலீசின் குற்றச்சாட்டு. 2022 மே மாதத்தில் பொருளாதாரக் குற்றப் பிரிவு வழக்குப் போட்டது. அதற்குள் பணம் பறந்துவிட்டது.

தோழர்களே, இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். 1 லட்சம் போட்டவருக்கு மாதம் 30 ஆயிரம் என்றால் நான்கே மாதத்தில் முதலையும் மிஞ்சிய தொகையைக் கொடுத்தாக வேண்டும். எந்த வியாபாரத்தில் இந்த லாபம் வரும்? அப்படி வருமானால், கம்பெனிக்காரன் பாங்கிலே ஆண்டு வட்டிக்குக் கடன் வாங்கி மொத்த லாபத்தையும் தானே விழுங்கமாட்டானா? கூலிக்காரனின் வாசலில் வந்து ஏன் நிற்கிறான்? முதலில் வந்தவனுக்குப் பின்னால் வந்தவனின் பணத்தையே வட்டியென்று கொடுக்கிறான். புதிதாக ஆள் சேருவது நின்ற மாதம் கம்பெனிக்குப் பூட்டு. இதில் வேறு மர்மம் எதுவும் இல்லை.

இது நேற்று முளைத்த வித்தையுமல்ல. 1906-ல் சென்னைப் பட்டணத்தின் அர்பத்நாட் கம்பெனி திவாலாகி எத்தனையோ குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியது. வெள்ளைக்கார ‘சர்’ ஒருவரே அதற்காகச் சிறைக்குப் போனார். 1990-களில் பைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்தன. அதன் பிறகே 1997-ல் தமிழ்நாட்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

ஏமாந்தவர்கள் பேராசைக்காரர்கள் என்று கனவான்கள் உபதேசம் செய்கிறார்கள். நாம் இதை ஒப்பவில்லை. பென்ஷன் இல்லாத காண்ட்ராக்ட் தொழிலாளி, மகள் கல்யாணத்திற்கு என்ன செய்வான்? பாங்கு அவனுக்குக் கடன் தராது. கந்துவட்டிக்காரன் கழுத்தை நெரிப்பான். சங்கிலி அடகுக் கடையில் இருக்கும். இந்த நிர்ப்பந்தத்தைத்தான் மோசடிக் கூட்டம் மூலதனமாக்குகிறது.

இவர்கள் ஒரே வேஷத்தில் வருவதில்லை. துறைமுகத்தில் வேலை, சுத்திகரிப்பு ஆலையில் நிரந்தரம் என்று முன்பணம் கேட்கும் தரகன் ஒருவன். பதிவு செய்யாத தீபாவளிச் சீட்டு பிடிப்பவன் இன்னொருவன். சீட்டு நடத்துபவர் 1982-ஆம் வருஷத்துச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். போனில் போலீஸ் உடையில் தோன்றி “உன்னை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம்” என்று மிரட்டுபவனும் உண்டு. நம் நாட்டுச் சட்டத்தில் அப்படியொரு கைதே கிடையாது.

நம் வாலிபர்கள் சிக்கும் வலை ஒன்று இருக்கிறது. “உன் பாங்குக் கணக்கையும் ஏ.டி.எம். கார்டையும் கொடு, சில ஆயிரம் தருகிறேன்” என்பான். எங்கோ ஒரு கிழவியிடம் பறித்த பணம் அந்தக் கணக்கின் வழியாகத்தான் ஓடும். போலீஸ் முதலில் தேடிப் பிடிப்பது கணக்குக்கு உரிய பையனைத்தான். ஆட்டிவைத்தவன் அகப்படுவது அரிது.

போனிலோ பாங்கிலோ பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். பணம் கணக்குக்குக் கணக்கு தாவும் முன்பே அதை முடக்க முடியும்; மறுநாள் பார்க்கலாம் என்றால் போய்விடும். முதலீட்டு மோசடிக்கு ரசீது, பாங்குச் சீட்டு, கம்பெனி நோட்டீஸ் எல்லாவற்றோடும் பொருளாதாரக் குற்றப் பிரிவுக்குச் செல்லுங்கள். போலீஸ் ஸ்டேஷனில் மனுக் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் படியிறங்காதீர்கள்.

பலர் புகார் கொடுப்பதில்லை. ஏனெனில் பணத்தை வாங்கிச் சென்ற ஏஜண்டு சொந்த மச்சான், அல்லது பக்கத்து வீட்டுக்காரர். அவரும் தன் பணத்தைப் பறிகொடுத்தவராகவே இருப்பார். அவரை அடித்து உதைப்பதால் காசு திரும்பாது. அவரையும் அழைத்துக்கொண்டு போய், யாரிடம் பணம் கட்டினார் என்பதைச் சாட்சியமாக எழுதிக் கொடுக்கச் செய்யுங்கள். “புகார் கொடுத்தால் ஒரு காசும் வராது” என்று கம்பெனி ஆட்கள் கிளப்பும் பேச்சு, தப்பியோட அவகாசம் தேடும் தந்திரம். 1997-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஜப்தி செய்த சொத்தை விற்று முதலீட்டாளருக்குப் பங்கிட வேண்டும். புகாரில் பெயரே இல்லாதவர் தன் பங்கைக் கேட்பது கடினமாகிவிடும்.

சர்க்காரையும் நாம் கேட்கிறோம். பகிரங்கமாக விளம்பரம் செய்து, ஆபீஸ் திறந்து, ஆயிரக்கணக்கில் வசூல் நடக்கும்வரை அதிகாரிகளின் கண்கள் எங்கே இருந்தன? அனுமதியற்ற டெபாசிட்டைத் தடை செய்யும் மத்தியச் சட்டமும் 2019-லேயே வந்துவிட்டதே! கம்பெனி கவிழ்ந்த பிறகு வழக்கு, ஜப்தி, வாய்தா என்று ஆண்டுகள் ஓடுகின்றன. ஜப்தியான சொத்துக்களைத் தாமதமின்றி ஏலம் விட்டு, சிறு தொகை போட்டவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டும். கூட்டுறவுச் சிக்கனச் சங்கங்களில் காண்ட்ராக்ட் தொழிலாளருக்கும் இடம் வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாத தோழருக்கு மனு எழுதிக் கொடுப்பதையும், ஸ்டேஷன் வரை உடன் செல்வதையும் ஒவ்வொரு சங்கக் கிளையும் இந்த வாரமே தன் வேலையாக ஏற்கட்டும்.