மாலை போட்டால் நிற்கும் குடி, கழற்றியதும் திரும்புவதேன்?

கார்த்திகை பிறந்தால் தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் நம்மவர் கழுத்தில் துளசி மணி ஏறுகிறது. நேற்று வரை சம்பளப் பணத்தைத் தேசி தாரு கடையில் எண்ணியவர், ஒரு மண்டலம் சொட்டுக்கூடத் தொடுவதில்லை. விடியலில் குளியல், அந்தியில் பஜனை, தெருவே 'சாமி' என்று கூப்பிடும் மரியாதை. மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய இரவே பழைய கடை, பழைய கடன், பழைய அடி உதை. வீட்டுக்காரர் திரும்பிவரும் ரயிலை நினைத்துப் பெண்கள் பயப்படுகிறார்கள் என்றால் அது யாருக்கு அவமானம்?

விரதத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. 'அவனுக்கு மனசில்லை, மனசிருந்தால் விடுவான்' என்று சங்க அறையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் பெரியவர்களைக் கேட்கிறோம்: அந்த ஒரு மண்டலம் அவனை விடவைத்தது எது? வெறும் மனசா? தினம் கூடும் கூட்டம், அதே விரதத்தில் இருக்கும் நாலு பேர், கடைக்குப் போகாமல் உட்கார ஓர் இடம். மாலையோடு இந்த மூன்றும் கழன்றுவிடுகின்றன. தனியாக விடப்பட்டவன் கடைக்குத்தான் போவான்.

அந்தக் கூட்டத்தை வருஷம் முழுவதும் நடத்துகிறவர்கள் மும்பையிலேயே இருக்கிறார்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் கெட்ட ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும் தொடங்கியது. சந்தா கிடையாது. குடியை நிறுத்தும் ஆசை ஒன்றே நுழைவுச் சீட்டு. வந்தவர் தம் கதையைச் சொல்வார், மற்றவர்கள் கேட்பார்கள். பேச விருப்பமில்லையா, சும்மா இருக்கலாம். வாழ்நாள் சத்தியம் யாரும் வாங்குவதில்லை. இன்று ஒரு நாள், 24 மணி நேரம் குடிக்காதே என்பதோடு சரி. செலவுக்கு அங்கு வருகிறவர்களே முடிந்ததைப் போடுகிறார்கள். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை. (நம் விழாக் கமிட்டிகள் கவனிக்க!) மனைவி மக்களுக்கு 'அல்-அனான்' என்று தனிக் கூட்டம் உண்டு. குடிக்கிறவர் வர மறுத்தாலும் வீட்டார் போகலாம்.

பிறகு நம்மவர் ஏன் போவதில்லை? 'சர்ச் வளாகத்தில் நடக்கிறது, மதம் மாற்றிவிடுவார்கள்' என்கிறார்கள். இடம் கிடைக்கிறது, நடத்துகிறார்கள். எந்த மதத்தோடும் ஏ.ஏ.வுக்கு ஒட்டு உறவு கிடையாது. கடவுள் பேச்சு அங்கே வருவது உண்மை. அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்பதே அவர்கள் கணக்கு, நம்பாதவரும் வருகிறார்கள். பிடிக்காத பேச்சைக் காதில் வாங்காமல் உட்கார்ந்திருக்கும் பயிற்சி, பொதுக்கூட்டங்களில் நமக்கு வேண்டிய அளவு கிடைத்திருக்கிறதே!

'மானம் போகும்' என்பது அடுத்தது. பத்து வயதுப் பிள்ளை நாக்காவில் கிடக்கும் அப்பனைக் கைத்தாங்கலாக இழுத்து வருகிறதே, அப்போது போகாத மானமா? அங்கே முழுப் பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

மொழி என்பது மட்டும் நியாயமான குறை. காய்கறிக்கு இந்தியில் பேரம் பேசுகிறவன், பெண்டாட்டியை அடித்த கதையை இந்தியில் அழ முடியாது. தமிழில் நடக்கும் கூட்டம் பேட்டைக்குப் பேட்டை இல்லை. ஆனால் குடியை விட விரும்பும் இரண்டு மூன்று பேர் கூடினால் ஒரு குழு ஆகிவிடலாம் என்பது ஏ.ஏ.வின் சொந்த மரபு. ஆள் இருக்கிறார்கள். அறைதான் இல்லை. பொங்கல் விழாவுக்கு ஊரிலிருந்து பாட்டுக் கச்சேரி வரவழைக்கும் சங்கங்களே, வாரம் முழுவதும் பூட்டிக்கிடக்கும் உங்கள் அறையின் சாவி யாரிடம்? 2015 ஜூனில் மலாட் மால்வணியில் கள்ளச்சாராயம் நூறு பேருக்கு மேல் கொன்றபோது கண்டனத் தீர்மானங்கள் குவிந்தன. வாரம் ஓர் அந்தி, ஒன்றரை மணி நேரம், ஒரு பாய், பத்து டம்ளர் டீ. இதற்கு எந்த மந்திரியின் கையெழுத்து வேண்டும்?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்' என்ற நோட்டீஸை நம்பி, தாய்மார்கள் கடன் வாங்கிப் பொடி வாங்குகிறார்கள். அதில் டைசல்ஃபிராம் இருந்து, ஆள் அறியாமல் மேலே குடித்தால் உயிரே போகலாம். டாக்டர் எழுதிக் கொடுத்து, தெரிந்து சாப்பிட்டால்தான் அது மருந்து. ரொம்பக் காலம் தினம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினாலும் வலிப்பு, பிதற்றல் வரலாம். கை நடுங்குகிறவரை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள், கூட்டம் அதன் பிறகு. மத்திய அரசு 2019-ல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றவர். இலவச உதவித் தொலைபேசி எண் 14446.

பக்கத்துக் கூட்டம் எங்கே, எந்தக் கிழமை என்று அங்கேயோ, மாநகராட்சி ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவிலோ கேளுங்கள். 'ஓப்பன்' கூட்டமா, 'க்ளோஸ்டு' கூட்டமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். முதலாவதற்கு யாரும் போகலாம், இரண்டாவது குடிப் பழக்கம் உள்ளவர்களுக்கு மட்டும். முதல் நாள் வாசல் வரை கூடவர ஆள் வேண்டுமென்றால் கிளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். உங்கள் பெயர் எந்தப் பேரேட்டிலும் ஏறாது.