ஒன்பதாவது கட்டம்

ஒரு தாளில் மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டங்கள் வரைந்து, ஒவ்வொன்றிலும் 0 அல்லது 1 எழுதுங்கள். நிபந்தனை இரண்டு. குறுக்கு வரிசை ஒவ்வொன்றிலும் 1களின் எண்ணிக்கை இரட்டையாக இருக்க வேண்டும். 1 இல்லாவிட்டாலும் இரட்டைதான். நெடுக்கு வரிசை ஒவ்வொன்றிலும் அது ஒற்றையாக இருக்க வேண்டும்.

எவ்வளவு முயன்றாலும் முடியாது. குறுக்கே எண்ணினால் மொத்தம் இரட்டை, நெடுக்கே எண்ணினால் ஒற்றை. அதே ஒன்பது கட்டங்களுக்கு இரண்டு மொத்தங்கள் எப்படி வரும்?

இதை ஒரு விளையாட்டாக்குவோம். ராத்தா ஓர் அறையில், தங்கை வேறோர் அறையில். உம்மா ராத்தாவுக்கு ஒரு குறுக்கு வரிசையையும் தங்கைக்கு ஒரு நெடுக்கு வரிசையையும் சொல்கிறார். இருவரும் தத்தமது வரிசையை நிபந்தனைப்படி நிரப்ப வேண்டும். இரு வரிசைகளும் சந்திக்கும் கட்டத்தில் ஒரே இலக்கம் இருந்தால் வெற்றி. முன்னரே எவ்வளவு திட்டமிட்டிருந்தாலும் 9 சந்திப்புகளில் 8இல்தான் நிச்சயமாக வெல்லலாம். ஒன்பதிலும் வெல்ல, ஒருவர் மற்றவருக்குச் செய்தி அனுப்பியே ஆக வேண்டும்.

குவாண்டம் பௌதிகம் இங்கேதான் வியப்பூட்டுகிறது. ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட நுண்துகள்களை இருவரும் முன்னரே பங்கிட்டு எடுத்துச் சென்று, தமக்குச் சொல்லப்பட்ட வரிசைக்கேற்ப அவற்றை அளந்து விடை எழுதினால், செய்தியே அனுப்பாமல் ஒன்பதிலும் வெல்லலாம் என்கிறது கணக்கு. இந்தச் சதுரத்தின் மூலவடிவத்தை டேவிட் மெர்மின், அஷர் பெரெஸ் ஆகிய அறிஞர்கள் 1990இல் தந்தனர். 2022இல் சீன ஆய்வாளர்கள் ஒளித்துகள்களைக் கொண்டு பரிசோதித்து, 9க்கு 8 என்ற எல்லையைத் தாண்டிக் காட்டினர்.

காரணம் என்ன? பெட்டிக்குள் இருக்கும் வளையலின் நிறம், நாம் திறந்து பார்க்குமுன்பே தீர்மானமானது. துகளின் விடை அப்படி எழுதி வைக்கப்பட்டதல்ல. ஒரு கேள்வியை வேறு எந்தக் கேள்விகளோடு சேர்த்துக் கேட்டாலும் மாறாத விடைகள் எல்லாவற்றுக்கும் முன்னரே இருக்க முடியாது என்று கோஷனும் ஸ்பெக்கரும் 1967இல் நிறுவினர். இதுவே சூழல்சார் தன்மை. எழுதி வைத்த பட்டியலால் முடியாத வேலை, பட்டியலே இல்லாத துகள்களால் முடிகிறது.

ஆனால் இதைக் கொண்டு இரகசியத் தகவல் அனுப்பலாம் என்று எண்ணிவிடாதீர்கள். தங்கை தன் இலக்கங்களை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும், ராத்தாவுக்குக் கிடைத்தது எந்த வரிசை என்று அறிய முடியாது. மிச்சமாவது, இருவரும் ஒத்துப்போவதற்குத் தேவைப்பட்ட செய்தி மட்டுமே.

பிள்ளைகளிடம் கட்டங்களை வரைந்து கொடுங்கள். எட்டுவரை நிரப்பிவிட்டு ஒன்பதாவதில் திணறுவார்கள். அப்போது காரணத்தைச் சொல்லிக் கொடுங்கள்.