நரம்பறுந்தது யாழுக்கா, நமக்கா?



காந்திபுரத்தில் நம் அன்பர் ஒருவர் இல்லத்துப் பரணில், அவர்தம் பாட்டியார் மீட்டிய வீணையொன்று முப்பதாண்டுகளாக முடங்கிக் கிடந்தது. சென்ற கோடையில் அதனை இறக்கினோம். குடத்தில் வெடிப்பு; மெட்டுகளைத் தாங்கும் மெழுகு உருகி வழிந்து இறுகியிருந்தது; நரம்புகள் துருவேறி அறுந்திருந்தன. செப்பனிடுவோம் என்று ஊரிலுள்ள கடையொன்றுக்குத் தூக்கிச் சென்றோம். கடைக்காரர் குனிந்தும் பார்த்திலர். "இதற்குச் செலவிடுவதினும் மின்னணுக் கருவியொன்று வாங்குங்கள், இல்லையேல் கண்ணாடிப் பேழையில் அழகுக்கு வையுங்கள்" என்றார். பிணத்துக்குப் பெட்டி காட்டுவது போலிருந்தது அவ்விடை!

"வீணை என்பது வடசொல்லாயிற்றே, அதற்கு நீவிர் ஏன் அழல் வேண்டும்?" என்று நம்மவரே சிலர் வினவுவர். பெயர் எவருடையதாயினும் ஆகுக! மரம் பண்ணுருட்டிப் பலா. கடைந்த கை தஞ்சைத் தச்சன் கை. குடம், குதிரை, மெட்டு, சுரை என அவன் வாயில் வழங்குவன நம் சொற்கள். யாழும் வீணையும் ஒன்றே என்று வெற்று வீம்பும் பேசோம். வில்லிற் பிறந்த யாழுக்கு மெட்டில்லை, நரம்பொன்றுக்கு ஓரிசை. வீணையிலோ நான்கு நரம்புக்கு 24 மெட்டுகள்; உடன் தாளத்துக்கு மூன்று நரம்புகள். ஆயினும், கைத்தொழிலைக் காவாது விட்டால் என்னாகும் என்பதற்கு யாழே சான்று.

பத்தர், போர்வை, திவவு, ஆணி எனப் பொருநராற்றுப்படை யாழை உறுப்புறுப்பாகப் பாடிற்று. பேரியாழுக்கு 21 நரம்பும் செங்கோட்டியாழுக்கு 7 நரம்பும் என்று சிலப்பதிகார உரை எண்ணிச் சொல்லிற்று. கொங்கு மண்ணிலோ, ஈரோட்டையடுத்த அறச்சலூர் மலைக்குகையில், தாளச் சொற்கட்டுகளைத் தமிழி எழுத்தில் கல்லிலேயே பொறித்து வைத்தான் தேவன் சாத்தன். இத்துணையும் இருந்தும், பழந்தமிழ் யாழ் ஒன்றேனும் இன்று நம் கையில் உண்டா? செய்தவன் மறைந்தான், செப்பனிட்டவன் மறைந்தான், பின்னர்க் கருவியும் மறைந்தது. ஈழத்து விபுலானந்த அடிகள் பல்லாண்டு நூல்களைத் துருவிக் கணக்கிட்டே அதனை மீட்டெடுக்க வேண்டியதாயிற்று. 1947 சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ்நூல் அரங்கேறிற்று. அடுத்த திங்களே அடிகள் மறைந்தார். இக்காலத்தில் சென்னையில் இளைஞர் ஒருவர் யாழை மீண்டும் செய்துள்ளார். வாழ்க அவர் முயற்சி! எனினும், அறுந்த மரபை முடிந்துகொண்டிருப்பதினும் அறாமற் காப்பது எளிதன்றோ?

நம் வீணையைத் தஞ்சைக்குக் கொண்டுபோனோம். முதியவர் ஒருவர் வெடிப்பை அடைத்தார். தேன்மெழுகும் குங்கிலியமும் கரித்தூளும் கூட்டிக் காய்ச்சி, இருபுறமும் வரம்பு போல் இட்டார். பின்னர் ஒவ்வொரு மெட்டாக அமர்த்தி, மீட்டிக் கேட்டு, மயிரிழை நகர்த்தி, மீண்டும் மீட்டினார். அளவுகோல் அவர் செவிதான். இரண்டு நாள் உடனிருந்து பார்த்தோம். "இத்தொழிலை யாருக்குக் கற்பித்தீர், ஐயா?" என்றோம். பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டனர் என்றார். கையை மெழுகிலிருந்து எடுத்திலர்.

தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்ச்சி, குறியீடு அடுப்பெரிக்குமா? 2010-இல் கோவையில் செம்மொழி மாநாடு கண்டோம். காந்திபுரத்திலேயே செம்மொழிப் பூங்காவும் 2025-இல் திறந்தாயிற்று. பூச்செடிக்கு நீரூற்றும் அரசு, மெழுகு காய்ச்சும் கைக்கும் ஊதியம் ஈயட்டும். அரசின் இசைக்கல்லூரி ஒவ்வொன்றிலும் செப்பனிடு பட்டறை வேண்டும். பட்டச் சான்று கேளாது இம்முதியோரையே ஆசிரியராய் அமர்த்தல் வேண்டும். பாடத்தில் உறுப்புகளின் தமிழ்ப்பெயர்களே வழங்குதல் வேண்டும். இவற்றைக் கேட்க நமக்கு நாணமென்ன?

அன்பர் இல்லத்து வீணை இப்பொழுது மாலைதோறும் ஒலிக்கின்றது. அவர் பெயர்த்தி கற்கத் தொடங்கியுள்ளாள். உங்கள் பரணிலும் ஒன்று கிடக்குமாயின், மழைக்கு முன் இறக்குங்கள். பழைய மெழுகை நீங்களே சுரண்ட வேண்டா. அறிந்த கையிடம் கொண்டு செல்லுங்கள்.