நாலரை மணிப் பசி

சாரல் பிடித்துவிட்டால் குற்றாலத்தில் கடைகளுக்குக் கொண்டாட்டம். மெயின் அருவிக்குப் போகிற வழியில் ஒரு பக்கம் நேந்திரங்காயைச் சீவிச் சீவிக் கொதிக்கிற எண்ணெயில் விடுகிறார்கள். பக்கத்திலேயே ரம்புட்டானும் மங்குஸ்தானும் குவித்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் பெரும்பாலும் சிப்ஸ் பக்கம்தான் இழுக்கின்றன. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. சிப்ஸ் வாசனையாலேயே ஆளைக் கூப்பிடும். மங்குஸ்தானை யாராவது அறிமுகம் செய்துவைக்க வேண்டும்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. பழத்தைக் கவிழ்த்தால் அடியில் சின்னப் பூப்போல ஒரு தடம் தெரியும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. எண்ணச் சொல்லிவிட்டு, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அமுக்கி உடைத்துக் காட்டினால் பிள்ளை அடுத்த பழத்தைத் தானே எடுக்கும். தோலின் சாறு சட்டையில் பட்டால் கறை லேசில் போகாது என்பது தனிக்கதை.

சீசனுக்கு வந்தவர்கள் ஒருநாள் சிப்ஸ் தின்றால் குடி முழுகிவிடாது. கவலை, ஊரில் இருக்கிற பிள்ளைகள் பள்ளி நாள்தோறும் மாலையில் தின்பதைப் பற்றியது. 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவு மதியத்தைப் பார்த்துக்கொள்கிறது. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் காலையைப் பார்த்துக்கொள்கிறது. நாலரை மணிக்கு மணியடித்ததும் வருகிற பசியைப் பார்த்துக்கொள்வது பெட்டிக்கடை. அங்கே கண்ணுக்கு நேராக ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்குகின்றன. வீட்டில் அம்மாவும் அப்பாவும் வேலை முடிந்து வர ஆறு ஆகும் என்றால், கையில் கொடுத்துவிட்ட பத்து ரூபாய் வேறு எங்கே போகும்?

சட்டம் இல்லாமல் இல்லை. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், வாசலிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் மாணவர்களுக்கு விற்கக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இலேயே விதி வகுத்துவிட்டது. 2024 பிப்ரவரியில் ரோடமைன்-பி சாயம் கலந்திருந்ததால் பஞ்சுமிட்டாயைத் தமிழக அரசு தடை செய்தபோது சோதனைகள் நடந்தன, செய்தியும் வந்தது. பாக்கெட் சரத்துக்கு அப்படி ஒரு பரபரப்பு வரவில்லை.

ஆனால் விரட்டுவதால் மட்டும் வாசல் திருந்தாது. அப்படி விரட்டும்போது முதலில் எழுந்து போக வேண்டியிருப்பதும் கூடையோடு தரையில் உட்கார்ந்திருக்கிற பாட்டிதான். சரம் தொங்கும் கடைக்குக் கதவும் கூரையும் உண்டு. அந்த 50 மீட்டருக்குள் பாட்டிக்கு இடம் ஒதுக்கிக் கொடுப்பதுதான் நியாயம். கோடையில் நுங்கு, தை மாதத்தில் அவித்த பனங்கிழங்கு, மற்ற நாளில் கொய்யா, நெல்லிக்காய், சீனிக்கிழங்கு, அவித்த கடலை, பாசிப்பயறுச் சுண்டல். தென்காசி மாவட்டத்தில் இவற்றுக்கெல்லாம் தூரம் போக வேண்டியதில்லை.

பாசிப்பயறுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக வக்காலத்து வாங்கலாம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்று வந்தது. பள்ளி வாசல் ஏறுவதற்கு முன்பே பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளின் நிலை இது. பயறில் இரும்புச்சத்து உண்டு. ஆனால் கறியில் இருப்பதைப்போல உடம்பு அதைச் சுலபமாக எடுத்துக்கொள்ளாது. வைட்டமின் சி கூடச் சேர்ந்தால் எடுத்துக்கொள்ளும். சுண்டலை இறக்கி வைத்துவிட்டு அரை மூடி எலுமிச்சை பிழிகிற பழக்கத்தில் ருசியோடு இந்த லாபமும் இருக்கிறது. எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடியோ இதே மாவட்டம். சுண்டலோடு டீயைக் கொடுத்தால் அந்த லாபம் குறைந்துவிடும். டீ அந்த இரும்பைச் சேரவிடாது.

பழையது என்பதற்காக எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைக்கவும் வேண்டாம். கருப்பட்டி மிட்டாயிலும் இருப்பது சர்க்கரைதான். பல்லுக்கு வித்தியாசம் தெரியாது. நேந்திரனை அவித்துக் கொடுத்தால் வயிறு நிறையும், பொரித்தால் தின்னத் தின்னக் கை ஓயாது. ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு முழுக் கடலையையும் கொட்டை எடுக்காத ரம்புட்டானையும் கொடுக்கவே கூடாது. தொண்டையில் அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் பொதுத்தேர்வு எழுதும் மாணவர்களுக்கு மாலைச் சிறப்பு வகுப்பில் சிற்றுண்டி கொடுத்திருக்கிறார்கள். தென்காசியில் அதையே எல்லா வகுப்புக்கும் செய்து பார்க்கலாம். பள்ளி மேலாண்மைக் குழு மனது வைத்தால் ஓரிரு பள்ளிகளிலாவது இந்த ஆண்டே தொடங்க முடியும். செலவு என்று பார்த்தால் பயறு, எலுமிச்சை, சமைப்பவருக்குக் கூடுதல் ஒரு மணி நேரச் சம்பளம். அடுப்பும் அண்டாவும் சத்துணவுக் கூடத்தில் ஏற்கெனவே இருக்கின்றன; மதியச் சாப்பாடு முடிந்தபிறகு அவற்றுக்கு வேலை இல்லை.