நனைந்தால் என்ன?

ஐப்பசியில் முதல் மழை கொட்டியதும் சென்னைக் குழந்தைகளுக்கு வரும் குதூகலம் இருக்கிறதே, தீபாவளி தோற்றது போங்கள்! காகிதக் கப்பலுக்கு முதல் பலி கணக்கு நோட்டுத்தான்.

"நனையாதே, ஜலதோஷம் பிடிக்கும்!" என்று நாம் கூவுகிறோம். பாவம், மழைக்கு வீண் பழி. ஜலதோஷத்தைக் கொண்டு வருவது கிருமி. மழைத் துளி அல்லவே! 2019 கோடையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு தவம் கிடந்த நாமா, மழையைக் கண்டு கதவைச் சாத்துவது?

மொட்டை மாடியில் கால் மணி நேரம் ஆடட்டும். இடிச் சத்தம் கேட்டால் உடனே உள்ளே அழைத்துத் தலை துவட்டிவிடுங்கள். தெருவில் தேங்கிய நீரில் இறங்க மாத்திரம் விடாதீர்கள். எலிக் காய்ச்சல் கிருமி அதில் இருக்கக்கூடும்.

"அப்படியானால் கப்பல்?" என்று முகம் வாடும். மாடியில் ஒரு வாளியை வையுங்கள். நிரம்பியதும் அதில் விடட்டும்.