2 முறை தோற்றும் தேசிய சாம்பியன்... நம்மூர் கல்லூரி அணிக்கு மட்டும் ஏன் ஒரே தோல்வியில் 'சீசன்' முடிகிறது?

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த நாள். ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டித் தீர்த்த மழையில் பிள்ளைச்சாவடி, காலாப்பட்டு தொடங்கி வில்லியனூர், பாகூர் வரை பள்ளி, கல்லூரி மைதானங்கள் எல்லாம் குளமாகிக் கிடந்தன.

அதே நாளில் அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில், ஒரு லட்சம் பேருக்கு மேல் திரண்டிருந்த ஸ்டேடியத்தில் ஒரு கல்லூரி அணி தோற்றுப்போனது. ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி அது. பரம எதிரியான மிச்சிகன் பல்கலைக்கழகத்திடம் 13-10 என்ற கணக்கில், அதுவும் சொந்த மண்ணில் தோல்வி. அந்த சீசனில் அவர்களுக்கு அது 2-வது தோல்வி.

ஆனால் சரியாக 51 நாட்கள் கழித்து, 2025 ஜனவரி 20-ம் தேதி அதே அணிதான் தேசிய சாம்பியன்!

இது எப்படி சாத்தியம்? இதற்கும் நம்மூர் கல்லூரி மாணவர்களுக்கும் என்ன சம்பந்தம்? பார்க்கலாம்.

முதலில், அது என்ன விளையாட்டு?

பெயரில் ஃபுட்பால் இருந்தாலும் பந்து பெரும்பாலும் கையில்தான் இருக்கும். ஒரு பக்கம் 11 பேர். 100 கெஜம் நீளமுள்ள களம். பந்து வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்புகள். அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடியும் 4 வாய்ப்பு கிடைக்கும். முன்னேற முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் 'டச் டவுன்', அதற்கு 6 புள்ளிகள்.

அங்கே கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும். பெரும்பாலும் வாரம் ஒரு மேட்ச், பெரும்பாலும் சனிக்கிழமை. உயர்நிலைப் பிரிவில் 130-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழக அணிகள் இருக்கின்றன. ஒவ்வொரு அணிக்கும் நவம்பர் இறுதிக்குள் 12 மேட்ச் உறுதி. ஜெயித்தாலும் 12, தோற்றாலும் 12. அதன் பிறகுதான் சிறந்த அணிகளைத் தேர்ந்தெடுத்து நாக்-அவுட் சுற்று நடத்துகிறார்கள்.

தோற்ற அணி எப்படி கோப்பை வென்றது?

2023 வரை அந்த நாக்-அவுட் சுற்றில் 4 அணிகளுக்குத்தான் இடம். 2 மேட்ச் தோற்ற எந்த அணியும் அந்த நால்வரில் ஒன்றாக வந்ததே இல்லை. 2024-ல்தான் முதல் முறையாக 12 அணிகளுக்கு இடம் கொடுத்தார்கள். அந்த வாசல் வழியாக 8-வது இடத்தில் நுழைந்தது ஓஹியோ ஸ்டேட்.

அங்கிருந்து டென்னசி அணியை 42-17 என வீழ்த்தியது. அடுத்து ஓரிகன். அக்டோபர் 12-ம் தேதி இதே ஓரிகனிடம்தான் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில், 32-31 என தோற்றிருந்தார்கள். இந்த முறை 41-21 என பழிதீர்த்தார்கள். பிறகு டெக்சாஸை 28-14 எனவும், இறுதிப்போட்டியில் நாட்ரடேம் அணியை 34-23 எனவும் வென்று கோப்பையைத் தூக்கினார்கள். மொத்தம் 16 மேட்ச். 14 வெற்றி, 2 தோல்வி.

இறுதிப்போட்டிக்கு வந்த நாட்ரடேம் கதை இன்னும் சுவாரஸ்யம். சீசனின் 2-வது மேட்ச்சிலேயே, யாரும் பெரிதாக மதிக்காத நார்தர்ன் இல்லினாய் அணியிடம் 16-14 என மண்ணைக் கவ்விய அணி அது.

அதாவது, முதல் நாளிலிருந்தே நாக்-அவுட் முறை என்றால் நாட்ரடேம் செப்டம்பரிலேயே வெளியே. ஓஹியோ ஸ்டேட் அக்டோபரில் வெளியே. அந்த ஆண்டின் தலைசிறந்த 2 அணிகளையும் யாருமே பார்த்திருக்க முடியாது.

நம்மூரில் என்ன நடக்கிறது?

இந்தியாவில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்துகிறது. 1925-ல் தொடங்கிய அமைப்பு இது. நாட்டை மண்டலங்களாகப் பிரித்து முதலில் மண்டலப் போட்டி. அதில் தேறும் அணிகளுக்கு அகில இந்தியப் போட்டி. அதிலும் முதல் 8 இடங்களுக்குள் வந்தால் 'கேலோ இந்தியா' பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டிக்கு டிக்கெட்.

சிக்கல் இருப்பது முதல் படியில்தான். வாலிபால், கபடி, கால்பந்து போன்ற குழு விளையாட்டுகளில் மண்டலப் போட்டி பொதுவாக நாக்-அவுட்டாகத் தொடங்கும். கடைசி 4 அணிகளுக்கு மட்டும்தான் லீக். தென் மண்டலத்தில் தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளா, ஆந்திரா என பல மாநிலப் பல்கலைக்கழகங்களும் மோதும்.

கணக்கு எளிது. 64 அணிகள் நாக்-அவுட்டில் இறங்கினால் மொத்தம் 63 மேட்ச். அதில் 32 அணிகள், அதாவது சரிபாதி, ஒரே மேட்ச்சோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். ரெண்டு நாள் ரயில் பயணம், ஒரு மணி நேர ஆட்டம், மறுபடியும் ரயில். அந்த மாணவரின் அந்த வருஷ 'சீசன்' அவ்வளவுதான்.

புதுச்சேரிக்கு மட்டும் கூடுதல் சிக்கல்

புதுச்சேரி நகரிலிருந்து கிழக்கு கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வரிசையாக வருகின்றன பிள்ளைச்சாவடியும் காலாப்பட்டும். 1980-களில் தொடங்கிய புதுவை பொறியியல் கல்லூரி, 2020-ல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது பிள்ளைச்சாவடியில். 1985-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் உருவான மத்திய பல்கலைக்கழகம் இருப்பது காலாப்பட்டில். ஒரே சாலையில், அடுத்தடுத்து 2 பல்கலைக்கழகங்கள்.

இதில் மத்திய பல்கலைக்கழகத்தின் எல்லை ரொம்பப் பெரிசு. காரைக்கால் சுமார் 130 கிலோமீட்டர். கேரளக் கரையில் இருக்கும் மாஹே 600 கிலோமீட்டருக்கும் மேல். ஆந்திராவின் ஏனாம் 800 கிலோமீட்டருக்கும் மேல். இது போதாது என்று கடல் தாண்டி அந்தமான் கல்லூரிகள் வேறு. இப்படிச் சிதறிக் கிடக்கும் கல்லூரிகளிலிருந்து ஆட்களைத் தேர்ந்தெடுத்து, முகாம் போட்டு, ஒரு அணியாக்கி அனுப்பினால், முதல் மேட்ச்சில் தோற்றதும் எல்லாரும் அவரவர் ஊருக்கு! ஒருவருக்கொருவர் புரிந்துகொண்டு ஆடத் தொடங்கும்போதே அணி கலைந்துவிடுகிறது.

அடுத்தது மழை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். செமஸ்டர் தேர்வும் கிட்டத்தட்ட அப்போதுதான். மைதானமும் இல்லை, நேரமும் இல்லை.

பிள்ளைச்சாவடி மாதிரி கடலோர ஊர்களில் பிள்ளைகளுக்கு எப்போதும் இருந்த இலவச மைதானம் கடற்கரை மணல்தான். கடல் அரிப்பில் அந்த மணற்பரப்பும் சுருங்கிக்கொண்டே வந்துவிட்டது. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டுங்கள் என்று ஊர் மக்கள் சாலையில் இறங்கிப் போராடியதும் நடந்திருக்கிறது. அப்படிப்பட்ட ஊரிலிருந்து கல்லூரிக்குப் போகும் ஒரு வாலிபால் வீரருக்கோ, கபடி வீராங்கனைக்கோ கல்லூரி அணிதான் அடுத்த படி. அந்தப் படி ஒரே மேட்ச்சில் முடிந்தால், திறமையைக் காட்ட வேறு இடம் ஏது?

பணம்தான் காரணமா?

'அமெரிக்காவில் கோடி கோடியாய் கொட்டுகிறார்கள், நமக்கு அது முடியுமா?' என்று கேட்கத் தோன்றும். பணம் கொட்டுகிறது என்பது உண்மைதான்.

2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்க அனுமதி கிடைத்தது. 2024-ல் ஓஹியோ ஸ்டேட் வீரர்களுக்கு இந்த வகையில் போன தொகை சுமார் 2 கோடி டாலர், நம்ம மதிப்பில் கிட்டத்தட்ட 170 கோடி ரூபாய் என்று சொல்லப்பட்டது. 2025 ஜூன் 6-ம் தேதி நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி, பல்கலைக்கழகங்களே தங்கள் வருமானத்திலிருந்து வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு கொடுக்கலாம். முதல் ஆண்டு உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர்.

இந்தப் பணம் பிரச்சனைகளையும் கூட்டி வந்திருக்கிறது. அதிகம் தருகிற கல்லூரிக்கு வருஷா வருஷம் மாறும் வீரர்கள், தலையில் அடிபடுவதால் வரும் மூளை பாதிப்பு, படிப்பா விளையாட்டா என்ற இழுபறி என அங்கேயே விமர்சனங்கள் அதிகம்.

ஆனால் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. அதே அமெரிக்காவில் '3-வது டிவிஷன்' என்று ஒன்று இருக்கிறது. 200-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் அதில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகின்றன. விளையாட்டுக்காக ஒரு பைசா உதவித்தொகை கூட கிடையாது. லட்சம் பேர் ஸ்டேடியமும் கிடையாது. ஆனாலும் அங்கே ஓர் அணிக்கு ஒரு சீசனில் 10 மேட்ச் வரை கிடைக்கிறது!

ஆக, சீசனை உருவாக்குவது பணம் அல்ல, அட்டவணை.

நாக்-அவுட்டை ஏன் விட முடியவில்லை?

அமைப்பாளர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. நாட்டில் 1,100-க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள். ஒரு பல்கலைக்கழகம் போட்டியை ஏற்று நடத்தினால் பல அணிகளுக்குத் தங்குமிடம், மைதானம், நடுவர்கள் என எல்லாவற்றையும் ஒரே வாரத்துக்குள் முடித்தாக வேண்டும். அங்கே போய் லீக் நடத்து என்றால் நடக்காது. எனவே மண்டல அளவில் நாக்-அவுட்டைத் தவிர்ப்பது கஷ்டம்தான்.

ஆனால் அந்த நாக்-அவுட்டுக்கு முன்னால் உள்ளூரில் ஒரு லீக் நடத்த என்ன தடை?

8 கல்லூரிகளை எடுத்துக்கொள்ளலாம். காலாப்பட்டு, பிள்ளைச்சாவடி, நகரம், வில்லியனூர், பாகூர் என எல்லாமே பஸ்ஸில் காலையில் போய் மாலையில் திரும்பும் தூரம். நாக்-அவுட் என்றால் மொத்தம் 7 மேட்ச், முதல் நாளிலேயே 4 அணிகள் காலி. லீக் என்றால் ஒவ்வொரு அணிக்கும் 7 மேட்ச், மொத்தம் 28. சனிக்கிழமைக்கு 4 மேட்ச் வீதம் 7 வாரத்தில் முடிந்துவிடும். தங்குமிடச் செலவே கிடையாது. மழை ஓய்ந்த ஜனவரியில் தொடங்கினால் மார்ச்சுக்குள் முடித்துவிடலாம்.

இதனால் யாருக்கு லாபம்?

முதல் லாபம் மாணவருக்கு. முதல் மேட்ச்சில் சொதப்பினாலும் அடுத்த சனிக்கிழமை திருத்திக்கொள்ளலாம். ஓஹியோ ஸ்டேட் ஓரிகனிடம் தோற்று, பிறகு அதே ஓரிகனை வென்றது அப்படித்தான். தேர்வாளர்களுக்கும் ஒரு நாள் ஆட்டத்தைப் பார்த்து முடிவெடுக்காமல் 7 மேட்ச் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியும்.

இதில் வேலையும் படிப்பும் கூட அடங்கியிருக்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் மேற்படிப்புக்கும் அரசு வேலைக்கும் போகிறவர்களுக்குப் போட்டிச் சான்றிதழ்தான் ஆதாரம். கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வானால் கைச்செலவுக்கு மட்டும் ஆண்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய். ஒரு மோசமான நாள் இதையெல்லாம் தட்டிப் பறிக்கக்கூடாது.

கல்லூரி விளையாட்டு இங்கே எப்போதுமே இப்படி ஓரமாக இருந்ததும் இல்லை. 1935-ல் தொடங்கிய ரோஹிண்டன் பாரியா கோப்பை பல்கலைக்கழக கிரிக்கெட்டின் அடையாளம். 1971-ல் மேற்கிந்தியத் தீவுகளில் டெஸ்ட்டில் அறிமுகமான சுனில் கவாஸ்கர், பம்பாய் பல்கலைக்கழக அணிக்கு ஆடி வந்தவர்தான்.

2023-ல் சீனாவின் செங்டு நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டில் இந்தியா 11 தங்கம் உட்பட 26 பதக்கங்களைக் குவித்தது. ஆனால் அதில் பெரும்பகுதி துப்பாக்கி சுடுதல், வில்வித்தையில் வந்தவை. தனி ஆளாகப் பயிற்சி எடுத்து முன்னேறக்கூடிய விளையாட்டுகளில் நம்ம மாணவர்கள் ஜெயிக்கிறார்கள். சேர்ந்து ஆடினால்தான் தேற முடியும் என்கிற விளையாட்டுகளில், சேர்ந்து ஆடுவதற்கு அவர்களுக்கு முதலில் மேட்ச் வேண்டும். அதைக் கொடுக்க கோடிகள் வேண்டாம். ஏழு சனிக்கிழமைகளும் ஒரு அட்டவணையும் போதும்.